காலைக்கு மீதி வைத்த வாற்கோதுமை

யோர்தானைக் கடந்த எட்டாம் வருஷம், ஏழாம் மாதம், இருபத்துநான்காம் நாள்
தீர்சாவுக்கு மேற்கே, மலைச்சரிவு

தம்பி ரேக்கேமுக்கு அத்தாராள் எழுதுவது.

சீலோவுக்குப் பண்டிகைக்கு வந்த உன் ஆட்கள் நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னார்கள். நான் யோர்தானைத் திரும்பக் கடந்து கீலேயாத்துக்கு வந்து உன் வீட்டில் இருக்கவேண்டுமாம். என் மகள் நாராளை உன் மகன் உலாமுக்குக் கொடுக்கவேண்டுமாம். பால், வெண்ணெய், ஆட்டுமந்தை, எதற்கும் குறைவில்லையாம். வாயால் வந்த செய்திக்கு வாயால் பதில் சொன்னால் வழியில் மாறிவிடும். அதனால் எழுதுகிறேன். என் புருஷன் ஓனாம் எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது இதற்காவது உதவட்டும்.

நான் வரவில்லை.

எங்கள் எப்பேர் வம்சத்துக்குள் நிலத்தைப் பங்கிடச் சீட்டுப் போட்டாயிற்று. ஓனாமுக்கு மகன் இல்லை. ஆனால் மகன் இல்லாதவனுடைய பங்கு மகளுக்கு என்று வனாந்தரத்திலேயே தீர்ப்பாகியிருக்கிறது. ஓனாமின் பெயரால் நாராளுக்கு விழுந்தது ஒரு மலைச்சரிவு, முழுவதும் கர்வாலி மரக் காடு. மூப்பர் அகியான் அளவுநூலோடு வந்து எல்லையைக் காட்டினார். நூல் மரங்களில் சிக்கிக்கொண்டே இருந்தது.

“என்னம்மா பண்ணப் போற? எங்க ஆம்பளைங்களே காட்டைப் பாத்துட்டு முணுமுணுத்துட்டு உக்காந்திருக்காங்க.”

“காட்டை வெட்டினா தரைதானே மூப்பரே?”

“வெட்டுறது யாரு?”

“கோடரி இருக்கு. கை நாலு இருக்கு.”

“ரெண்டு அறுப்பு பாக்குறேன். அதுக்குள்ள ஒரு வருஷச் சாப்பாடு இந்த மண்ணுலேர்ந்து வரல்லேன்னா பக்கத்துப் பங்கோட சேத்துடுவேன். உங்க ரெண்டு பேருக்கும் அப்பம் அவங்க குடுப்பாங்க. பட்டினி போட மாட்டாங்க.”

“பேரு?”

“எந்தப் பேரு?”

“ஓனாமோட பேரு. அது எங்க இருக்கும்?”

அவர் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

எகிப்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இந்த மண்ணைப் பார்க்காமலே மணலில் புதைந்தார்கள். ஓனாம் பார்த்தார். யோர்தானைக் கடந்தார், கில்காலில் கூடாரம் அடித்தார், எரிகோவைச் சுற்றி நடந்தார். பிறகு ஆயி பட்டணத்துச் சண்டைக்குப் போனார், திரும்பவில்லை. ஆயிக்கு அவரைக் கூப்பிட்டது யார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏழு வருஷத்துக்கு மேலாகிறது. அந்த நாளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாதவன் வீட்டில் நான் சாப்பிடமாட்டேன்.

அத்தாராள்

*

எட்டாம் வருஷம், ஒன்பதாம் மாதம், ஆறாம் நாள்
கீலேயாத்

அக்காவுக்கு.

லேவியன் யோவாக் எழுதுறார். நான் சொல்றதை அப்படியே எழுதணும், திருத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன். திருத்தினா ஆட்டுக்குட்டி கிடையாது.

உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினார். படிக்கும்போது உன் குரல் மாதிரியே இருந்துச்சு, எழுந்து நின்னுட்டேன்.

நீ கோடரி புடிச்சது எப்ப அக்கா? நாம பொறந்ததே கூடாரத்துல. உழும்போது மாடு முன்னாடி போகுமா மனுஷன் முன்னாடி போகணுமான்னு எனக்கே போன வருஷம்தான் தெரிஞ்சுது. இங்க ஒரு எமோரியக் குடியானவன் இருக்கான். அவன் நான் உழுததைப் பாத்துட்டு, “இது வயலா, பாம்பு போன தடமா?”ன்னு கேட்டான். அவன்கிட்டதான் கத்துக்கிட்டேன். உனக்கு அங்க யாரு சொல்லிக் குடுப்பா?

உலாம் நாராளைத்தான் கட்டுவேங்கிறான். நாம ஒரே மனாசே கோத்திரம், யாரும் தடுக்க முடியாது. ஆனா அவனை அங்க அனுப்ப முடியாது. எனக்கு இருக்கிறது ஒரே மகன், நானூறு ஆடு. நீங்க ரெண்டு பேரும் இங்க வர்றதுதான் வழி. இதுவும் கர்த்தர் குடுத்த மண்ணுதானே? ஆத்துக்கு இந்தப் பக்கம்கிறதால அது வேற மண்ணாயிடுமா?

ஆயியைப் பத்திக் கேட்டே. அதைத் தோல்ல எழுத முடியாது அக்கா.

நீ என்னைப் புழுப்பானைன்னு கூப்பிடாம ஒரு கடிதத்தை முடிச்சிருக்கே. அப்பவே தெரிஞ்சுது, உன் கோபம் சாதாரணம் இல்லேன்னு.

உன் தம்பி ரேக்கேம்

*

ஒன்பதாம் வருஷம், இரண்டாம் மாதம், இருபதாம் நாள்
மலைச்சரிவு

ரேக்கேமுக்கு.

நாற்பத்தொரு மரம் வெட்டினோம். வேர்களை எரித்தோம். முதல் மழைக்குப் பிறகு அகியானின் மனைவி கொடுத்த விதையைத் தூவினோம். இப்போது வாற்கோதுமை முழங்காலுக்கு மேல் நின்று தலை சாய்த்திருக்கிறது. எனக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டாய். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விளைந்திருக்கிறது.

முதல் கதிர்க்கட்டைக் கர்த்தருக்கென்று சீலோவுக்கு அனுப்பிவிட்டுத்தான் வாயில் வைத்தோம். அதன்பின் அம்மா சொல்லிக்கொடுத்த ஒழுங்கில் ஒரு எழுத்துக்கூட நான் தவறவில்லை. விடியும் முன்பு எழுந்திருக்கிறேன். அந்த நாளுக்குத் தலைக்கு ஒரு ஓமர் அளவு கதிர் மட்டும் அறுக்கிறேன், வறுக்கிறேன், இடிக்கிறேன். ஆறாம் நாள் மட்டும் ஓய்வுநாளுக்கும் சேர்த்து இரண்டு ஓமர். மற்றது தண்டிலேயே நிற்கிறது. நாளைக்கு உள்ளது நாளைக்கு.

நேற்று நாராள் கேட்டாள்: “எல்லாத்தையும் அறுத்து உள்ள வெச்சா என்னம்மா?”

“வெச்சா புழுக்கும்.”

“அது மன்னாம்மா. இது வேற.”

“குடுக்கிறவர் வேறயா?”

அவள் உரலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். உன் கதையையும் சொன்னேன். உனக்கு ஆறு வயது. வனாந்தரத்தில் விடிந்ததும், வானத்திலிருந்து விழுந்து தரையில் வெள்ளையாய்க் கிடந்த மன்னாவைப் பொறுக்கினோம். அன்றைக்கு உள்ளதைத் தின்றுவிட்டு மீதி வைக்கக்கூடாது என்பது கட்டளை. நீ மட்டும் ஒரு கைப்பிடியைப் பானையில் ஒளித்துவைத்தாய். காலையில் பானை நிறையப் புழு. நாறிய நாற்றத்தில் பத்துக் கூடாரத்துக்காரர்கள் எழுந்து வந்தார்கள். அம்மா தலைகுனிந்து நின்றாள். அன்றிலிருந்து நான் மீதி வைத்ததில்லை.

இன்னொன்று. மரங்களை வெட்டியபோது சரிவின் பாறையில் ஏழு குழிகள் தெரிந்தன. வாய் குறுகல், உள்ளே அகலம், மேலே கல் மூடி. பழைய ஜனங்களின் கல்லறைகள். தொட்டால் ஏழு நாள் தீட்டு. சுற்றிலும் கல் அடுக்கி, நாராள் அந்தப் பக்கம் போகாதபடி வைத்திருக்கிறேன்.

ஒரு அறுப்பு கண்முன்னால் நிற்கிறது. அகியான் வந்து பார்க்கட்டும்.

அத்தாராள்

*

ஒன்பதாம் வருஷம், மூன்றாம் மாதம், இரண்டாம் நாள்
கீலேயாத்

அக்கா, அறுத்துடு! இன்னிக்கே, எல்லாத்தையும் அறுத்துடு! வாற்கோதுமை உனக்காகக் காத்துட்டு நிக்காது. முத்தினா கிழக்கேர்ந்து கீழ்க்காத்து அடிச்ச ஒரே நாள்ல மணி எல்லாம் கொட்டிடும். மிச்சத்தைப் பன்னி தின்னுடும்.

அந்த ஏழும் கல்லறை இல்லை. தானியக் குழி! என் எமோரியன்கிட்ட கேட்டேன், சத்தியம் பண்ணிச் சொல்றான். அடியில வைக்கோல் போட்டு, காஞ்ச தானியத்தைக் கொட்டி, மேல பதர் போட்டு, கல்லை வெச்சு மண்ணால பூசிட்டா வருஷக்கணக்கா இருக்கும். நாம வெட்டாத குழியெல்லாம் நமக்குக் கெடைக்கும்னு பெரியவங்க சொன்னாங்களே, அது இதுதான். நீ அதைச் சுத்திக் கல்லு அடுக்கி வெச்சிருக்கே!

யோவாக் சிரிச்சுட்டார். அப்புறம் அவரே சொன்னார். அவங்க வீட்டுலயும் போன வருஷம் தினம் ஒரு ஓமர்தான் அறுத்தாங்களாம்.

நீ நம்ப மாட்டேன்னு தெரியும். அதனால ஒரு குடம் அனுப்புறேன். போன வருஷத்து வாற்கோதுமை, மண்ணு பூசி மூடினது. உடைச்சுப் பாரு. மேல ஒரு விரல் அளவு கறுத்திருந்தா பயப்படாதே, ஆட்டுக்குப் போட்டுடு. கீழ நல்லா இருக்கும்.

ஓடி வர்ற ஆள்கிட்டதான் குடுத்து அனுப்புறேன்.

ரேக்கேம்

*

ஒன்பதாம் வருஷம், மூன்றாம் மாதம், பத்தொன்பதாம் நாள்
மலைச்சரிவு

ரேக்கேமுக்கு.

உன் ஆள் நன்றாகத்தான் ஓடினான். ஆனால் கீழ்க்காற்று அவனுக்கு நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. ஒரு பகல் முழுவதும் அடித்தது. மறுநாள் காலை நான் அரிவாளோடு போனபோது தண்டுகள் நின்றன, தலைகள் காலி. தரையில் கிடந்ததைக் குருவிகள் பொறுக்கின. அடுத்த நாள் பன்றிகள் குடும்பத்தோடு வந்து உழுதுவிட்டுப் போயின. நீ உழுவதைவிட நேராக.

நானும் நாராளும் நான்கு நாள் மண்ணைச் சலித்தோம். பதினொரு ஓமர் தேறியது. அகியான் வந்தார். என்னைத் திட்டுவார் என்று நிமிர்ந்து நின்றேன். அவர் திட்டவில்லை. “ஒண்ணு போச்சும்மா. இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

குடம் வந்து சேர்ந்தது. மூலையில் வைத்திருக்கிறேன். உடைக்கவில்லை.

ஏன் என்று நாராள் தினமும் கேட்கிறாள். அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். கில்காலில் பஸ்கா முடிந்து இந்த மண்ணின் தானியத்தை வறுத்துத் தின்றோமே, அதற்கு மறுநாள் காலையில் தரையில் மன்னா இல்லை. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். ஓனாமும் சந்தோஷப்பட்டார். நான் மட்டும் பயந்தேன். அதற்குப் பிறகு எத்தனை நாள் அவர் உயிரோடு இருந்தார் என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து இன்றுவரை நான் விடியும் முன்பு எழுந்து வெளியே போய்த் தரையைப் பார்க்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. இருக்காது என்று தெரியும். பார்க்கிறேன்.

குடத்தைத் திறந்து புழு இருந்தால், இந்த மண்ணை எங்களுக்குக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். புழு இல்லாவிட்டால், இந்த வருஷ அறுப்பை இழந்தது என்னுடைய பிடிவாதத்தால் மட்டுமே என்று அர்த்தம். இரண்டில் எதைப் பார்க்க நான் அவசரப்படவேண்டும்?

ஆனாலும் கிளம்ப மாட்டேன். மழைக்கு முன் இன்னும் முப்பது மரம் வெட்டுவோம்.

அத்தாராள்

*

ஒன்பதாம் வருஷம், ஐந்தாம் மாதம், பதினொன்றாம் நாள்
கீலேயாத்

அக்கா,

இதைச் சொல்லும்போது யோவாக்கை வெளிய அனுப்ப முடியாது. அவர்தானே எழுதணும். இத்தனை வருஷம் நான் சொல்லாததுக்கு அதுவும் ஒரு காரணம். அவர் தலை நிமிராம எழுதுறேன்னு சொல்லியிருக்கார்.

ஆயிக்கு மச்சானைக் கூப்பிட்டது நான்தான். “சின்ன ஊரு மச்சான், மூவாயிரம் பேரு போதும்கிறாங்க, சாயங்காலத்துக்குள்ள திரும்பிடலாம், வா”ன்னேன். அவர் சிரிச்சுட்டே செருப்பை மாட்டினார். இது உனக்குத் தெரியும்.

தெரியாதது இது. ஊரு வாசல்லேர்ந்து ஆயிக்காரங்க வெளிய வந்ததும் நாங்க எல்லாரும் திரும்பி ஓடினோம். எறக்கம். கல்லு. மச்சானுக்குத் தொடையில அடி. நான் அவரைத் தூக்கிட்டு ஒரு இருபது அடி வந்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டார். இடுப்புலேர்ந்து ஒரு பையை அவுத்து என் கையில வெச்சார். “நீ வேகமா ஓடுவ. இதைக் கொண்டுபோ”ன்னார்.

நான் ஓடினேன் அக்கா. திரும்பிப் பாக்கல. அதுதான்.

பையில வாற்கோதுமை இருந்துச்சு. கில்கால்ல எல்லாரும் வறுத்துத் தின்னபோது அவர் ஒரு கைப்பிடியைப் பச்சையா எடுத்து வெச்சிருக்கார். நம்ம நிலத்துல வெதைக்க. உன்கிட்ட சொன்னா மீதி வைக்காதேன்னு நீ கத்துவியேன்னு சொல்லாம இருந்திருக்கார். உன்கிட்ட அதைக் குடுத்திருக்கணும். குடுத்தா நான் ஓடினதைச் சொல்லணும். ஆறரை வருஷம், சண்டை முடியிற வரைக்கும் என் இடுப்புல கட்டியிருந்தேன். இங்க வந்ததும் வெதைச்சேன். பாதி முளைக்கல. மீதி முளைச்சுது. ஆறரை வருஷம் இருந்த தானியத்துல ஒரு புழு இல்லை அக்கா.

அந்தக் குடத்துல இருக்கிறது அதோட வெளைச்சல். என்னோடது இல்லை. மச்சானோடது.

ரேக்கேம்

*

ஒன்பதாம் வருஷம், எட்டாம் மாதம், மூன்றாம் நாள்
மலைச்சரிவு

ரேக்கேம்,

உன் கடிதத்தை இரண்டு மாதம் வைத்திருந்தேன். போன வாரம் முதல் மழை பெய்தது. மறுநாள் காலையில் தரையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து குடத்தின் மண்பூச்சை உடைத்தேன்.

மேலே ஒரு விரல் அளவு கறுத்திருந்தது. என் கை அங்கேயே நின்றுவிட்டது. நாராள்தான் கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் முகத்துக்கு நேரே விரித்தாள். காய்ந்த மணி. நல்ல வாசம். ஒன்றும் நெளியவில்லை.

“என்னம்மா, இப்ப என்ன சொல்ற?”

“சும்மா நிக்காதே. வெதைக்கப் போகணும்.”

முழுவதையும் விதைத்துவிட்டோம். தின்ன ஒரு மணிகூட எடுக்கவில்லை. அறுப்புவரை காட்டுக் கீரையும், சலித்தெடுத்த பதினொரு ஓமரும், அகியானின் மனைவிக்கு ஆட்டுரோமம் நூற்றுக் கொடுப்பதில் கிடைப்பதும் போதும்.

குழிகளைச் சுற்றி நான் அடுக்கிய கல்லை நானே எடுத்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் பிடித்தது.

நீ ஓடினாய். நீ ஓடியதால் விதை பிழைத்தது. இதற்கு மேல் நான் எழுதமாட்டேன், நீயும் கேட்காதே.

ஏழு குழிக்குத் தானியம் வேண்டுமானால் நான்கு கை போதாது. உலாமை அனுப்பு. சேலை, வெண்ணெய் எதுவும் வேண்டாம், கோடரி கொண்டுவரட்டும். இங்கேயேதான் இருக்கவேண்டும். பங்கு ஓனாமின் பெயரில் நிற்கும். முதல் பேரனுக்கு அந்தப் பெயர்தான். பேரம் கிடையாது.

அத்தாராள்

*

ஒன்பதாம் வருஷம், ஒன்பதாம் மாதம், ஒன்றாம் நாள்
கீலேயாத்

அக்கா, வர்றான். ரெண்டு கோடரி, ஒரு ஜோடி மாடு. மாடு முன்னாடி போகணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

அவங்கம்மா மூணு நாளா அடுப்பு பத்த வைக்கல. “ஒரே மகனைக் காட்டுக்கு அனுப்புறியே, உனக்கென்ன கேடு?”ங்கிறா. நானூறு ஆட்டையும் நானே பாத்துக்குறேன். ஓடத்தான் நமக்குத் தெரியுமே.

அவன் உன்னை அத்தைன்னு கூப்பிடும்போது கொஞ்சம் சிரி. பயந்தவன்.

ரேக்கேம்

*

பத்தாம் வருஷம், மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள்
ஓனாமின் பங்கு, மலைச்சரிவு

தம்பி ரேக்கேமுக்கு.

முதல் கதிர்க்கட்டு சீலோவுக்குப் போன மறுநாள் அரிவாள் வைத்தோம். எட்டு நாளில் எல்லாவற்றையும் அறுத்தோம். வயலின் மூலைகளை மட்டும் கட்டளைப்படி ஏழைகளுக்கு விட்டோம். கல்யாணம் ஆனதிலிருந்து உலாம் நன்றாக வேலை செய்கிறான். பேச்சு அதிகம், உன்னைப் போல. களத்தில் கதிரைப் போரடிக்கும்போது “அத்தை, காத்து மாறுது, சீக்கிரம்!” என்று கத்தினான். வேறு யாராவது என்னிடம் அப்படிக் கத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

கீழ்க்காற்று இந்த வருஷமும் வந்தது. வயலில் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான்கு குழி நிறைந்தது. மூன்று காலி, அடுத்த வருஷத்துக்கு. அகியான் வந்து ஒவ்வொரு குழிக்குள்ளும் கோலை விட்டுப் பார்த்தார்.

“ஒரு வருஷத்துக்கு மேலயே இருக்கேம்மா.”

“இன்னும் ஒருத்தர் வர்றதுக்கும் சேத்துதான்.”

நாராளைப் பார்த்தார். புரிந்துகொண்டு சிரித்தார். பிறகு அளவுநூலை எடுத்து எல்லைக்கல்லை நட்டார். இந்தமுறை நூல் எதிலும் சிக்கவில்லை. கல்லில் ஓனாமின் பெயரை நானே கொத்தினேன். கொஞ்சம் கோணல்தான். ஆனால் ஆழமாக இருக்கிறது.

இந்த மண்ணைத் தருவேன் என்று கர்த்தர் ஆபிரகாமுக்குச் சொன்ன வார்த்தை எப்போது நிறைவேறியது என்று சீலோவில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். சிலர் யோர்தான் என்கிறார்கள், சிலர் எரிகோ என்கிறார்கள். நான் சொல்வதை யாரும் கேட்கப்போவதில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன். நேற்று நான்காவது குழிக்கு மூடிக்கல் வைத்து என் கையால் மண் பூசினேன். நாளைக்கு உள்ளது உள்ளே இருந்தது.

இதோடு ஒரு குடம் வருகிறது. ஓனாமின் நிலத்தில் ஓனாமின் விதை. நீ சுமந்தது. பாதியை விதை, பாதியை மீதி வை. உன் மனைவியிடம் அடுப்பைப் பற்றவைக்கச் சொல். அடுத்த பண்டிகைக்குச் சீலோவுக்கு வரும் வழியில் இங்கே இறங்கிச் சாப்பிடு, புழுப்பானை.

இன்று காலையில் நான் தரையைப் பார்க்க வெளியே போகவில்லை. வெயில் ஏறும்வரை தூங்கிவிட்டேன்.

உன் அக்கா அத்தாராள்